செவியில் விழுந்த விதை

ஞாயிறு திருப்பலியில் நற்செய்தி வாசகம் தொடங்கும் வேளையில் நாம் எழுந்து நிற்கின்றோம். நெற்றியிலும் உதடுகளிலும் நெஞ்சிலும் சிலுவை அடையாளம் வரைந்துகொள்கின்றோம். கேட்கும் வார்த்தையை அறிவில் ஏற்போம், வாயால் அறிக்கையிடுவோம், இதயத்தில் காத்துக்கொள்வோம் என்பதே அச்சிறு சடங்கின் பொருள். வாசகம் முடிந்ததும் அமர்கின்றோம். திருப்பலி முடிந்ததும் இல்லம் திரும்புகின்றோம். திங்கட்கிழமை காலையில் யாரேனும் நம்மை நிறுத்தி, நேற்று வாசிக்கப்பட்ட நற்செய்தி எது என்று வினவினால், நம்மில் எத்தனை பேரால் தயக்கமின்றி விடை கூற இயலும்?

இது பிறரைக் குறைகூற எழுந்த வினா அன்று. நம்மை நாமே கேட்டு நாணிய வினா. அந்த நாணமே நம் பார்வையை வரலாற்றின்பால் திருப்பியது. இன்று நம் இல்லங்களில் விவிலியம் இருக்கின்றது. தாய்மொழியில் வாசகம் ஒலிக்கின்றது. நம் முன்னோர்க்கோ நெடுங்காலம் இவ்விரண்டும் வாய்க்கவில்லை. ஆயினும் அவர்கள் விசுவாசத்தில் நிலைத்து நின்றனர். சிலர் அதற்காக உயிரையும் ஈந்தனர். அவர்கள் நற்செய்தியை எவ்வாறு கேட்டனர், கேட்டதை எவ்வாறு வாழ்ந்தனர், எங்கே தவறினர் என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

மணியோசையும் சிறுவர்களும்

முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் 1536, 1537ஆம் ஆண்டுகளில் பெருந்தொகையாகத் திருமுழுக்குப் பெற்றனர். ஆனால் அவர்களுக்கு மறையறிவு புகட்ட ஆளில்லை. 1542ஆம் ஆண்டின் பிற்பகுதியில் புனித பிரான்சிஸ் சவேரியார் அக்கடற்கரைக்கு வந்தபோது கண்ட நிலை இதுவே. தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்குமேல் அவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. எனவே தமிழும் போர்த்துகீசியமும் அறிந்த சிலரைக் கூட்டிப் பல நாள் அமர்ந்து, சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, கற்பனைகள், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை ஆகியவற்றைத் தமிழில் பெயர்த்தார். அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்றார். மணியோசை கேட்டுக் கூடிய சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் நாள்தோறும் இருமுறை செபங்களைக் கற்பித்தார். 1544ஆம் ஆண்டு சனவரியில் கொச்சியிலிருந்து தம் சபையினர்க்கு அவர் எழுதிய மடலில் இச்செய்தி விரிவாகக் காணப்படுகின்றது.

அம்மடலில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய குறிப்பு ஒன்று உண்டு. தாங்கள் கற்றதைப் பெற்றோருக்கும் வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் கற்பிக்குமாறு அச்சிறுவர்களை அவர் பணித்தார். நற்செய்தி குருவானவரிடமிருந்து நேரே இல்லத் தலைவரிடம் செல்லவில்லை. குழந்தையின் வாய்வழியே அடுப்படிக்குச் சென்றது. அவர் அடுத்த ஊருக்குப் புறப்படும்போது செபங்களின் எழுத்துப் படியை அவ்வூரில் விட்டுச் சென்றார். மக்களைக் கூட்டிச் செபம் சொல்ல வைக்கும் பொறுப்பைக் கணக்கப்பிள்ளை என அழைக்கப்பெற்ற பொதுநிலையினரிடம் ஒப்படைத்தார். பிற்காலத்தில் நம் ஊர்கள்தோறும் விசுவாசத்தைக் காத்து நின்ற உபதேசியார்களின் முன்னோடிகள் இவர்களே.

இங்கு மற்றொரு சிறு நிகழ்ச்சியையும் நினைவுகூர்தல் தகும். அவசரமாகச் செய்யப்பட்ட அம்மொழிபெயர்ப்பில் பிழைகள் நேர்ந்திருந்தன. விசுவாச அறிக்கையில் ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் இடம்பெற்றிருந்தது. அது ‘விரும்புகிறேன்’ என்று பொருள்படுவதை உணர்ந்த சவேரியார், அவ்விடத்தில் ‘விசுவாசம்’ என்னும் சொல்லை இடுமாறு 1544இல் தம் உடனுழைப்பாளரான மன்சிலாசுக்கு எழுதினார். நானூற்று எண்பது ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த ஒரு சொற்பிழைதான் இது. ஆயினும் இதனை நாம் எளிதில் கடந்துவிட இயலவில்லை. இதற்குப் பின்னர் வருவோம்.

நூல் வந்தது, நற்செய்தி நூல் வரவில்லை

சவேரியாருக்குப் பின் அக்கடற்கரையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக உழைத்தவர், தமிழ் மக்கள் அண்டிரிக் அடிகளார் என அழைத்த என்றிக்கே என்றிக்கசு. தமிழை முறையாகக் கற்ற முதல் ஐரோப்பியர்களுள் ஒருவரான இவரது ‘தம்பிரான் வணக்கம்’ 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறு பக்கங்களே கொண்ட அச்சிறு நூல்தான் இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூலாக நமக்குக் கிடைத்துள்ளது. அடுத்த ஆண்டு ‘கிரீசித்தியானி வணக்கம்’ கொச்சியில் வெளிவந்தது. 1586இல் அடியார்களின் வரலாறுகளைத் திருநாள் முறைப்படி கூறும் பெருநூலும் அச்சேறியது.

தமிழ்க் கத்தோலிக்கராகிய நாம் இதனை எண்ணிப் பெருமிதம் கொள்வது இயல்பே. ஆனால் உண்மை ஒன்றையும் மறைத்தலாகாது. செபநூல் வந்தது, ஞானோபதேசம் வந்தது, அடியார் வரலாறு வந்தது. நான்கு நற்செய்திகளும் முழுமையாக நம் மக்கள் கைக்கு வரவில்லை. ஐரோப்பாவில் திருச்சபை பிளவுண்ட காலம் அது. திரெந்து சங்கத்தை அடுத்து 1564இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, தாய்மொழி விவிலியத்தைப் பொதுநிலையினர் வாசிக்கத் திருச்சபைத் தலைவர்களின் அனுமதி வேண்டியிருந்தது. விளக்கக் குறிப்புகளுடன் திருச்சபையின் ஒப்புதல் பெற்ற மொழிபெயர்ப்புகளுக்கு 1757இல்தான் பொதுவாக வழி திறக்கப்பட்டது. இதற்கிடையில் தரங்கம்பாடியில் லுத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, 1715ஆம் ஆண்டளவில் அச்சிட்டு முடித்திருந்தார். அவ்வுழைப்பை நன்றியுடன் ஏற்றுக்கொள்வதால் நமக்குக் குறைவேதும் இல்லை.

ஆலயத்திலோ பூசை இலத்தீனில் நடந்தது. 1570ஆம் ஆண்டின் திருப்பலி நூலின்படி ஞாயிறு வாசகங்கள் ஓராண்டுச் சுழற்சியில் அமைந்தன. ஆண்டுதோறும் அதே பகுதிகள் திரும்ப வந்தன. மாற்கு நற்செய்தி ஞாயிறுகளில் அரிதாகவே ஒலித்தது. பிரசங்கத்தின்போது தமிழில் கூறப்படும் விளக்கமே மக்கள் செவிக்கு எட்டிய நற்செய்தி. அதுவும் குருவானவர் வரும் நாளில்தான். பரந்த மறைப்பணித் தளங்களில் பல ஊர்கள் குருவானவரின் முகத்தை ஆண்டில் சில நாள்களே கண்டன. எஞ்சிய நாள்களில் செபம் சொல்லி வைத்தவரும், நோயாளியைச் சந்தித்தவரும், சாகும் தறுவாயில் இருப்பவருக்கு அருகில் நின்றவரும் உபதேசியாரே. அவர்கள் எவ்வாறு ஒழுக வேண்டும் என்பதை உரைக்கவே வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூலை இயற்றினார். உபதேசியாரின் சொல்லைவிட அவரது ஒழுக்கமே ஊரார் வாசிக்கும் நூல் என்பதை அப்பெருமகனார் உணர்ந்திருந்தார் போலும்.

கடலுக்கு அப்பால்

குருக்கள் இல்லாக் குறை கடலுக்கு அப்பால் இலங்கையில் இன்னும் கடுமையாக இருந்தது. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கத்தோலிக்கக் குருக்களுக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று. கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. அந்நிலையில் 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் சென்று சிதறிய மந்தையைக் கூட்டிச் சேர்த்தவர் புனித யோசேப் வாஸ் அடிகளார். அவர் ஊர்கள்தோறும் மூப்பர்களையும் அண்ணாவிகளையும் நியமித்தார். குரு இல்லாத ஞாயிறுகளில் மக்களைக் கூட்டிச் செபத்தை நடத்தியவர்கள் அவர்களே. 1711இல் மறைந்த வாஸ் அடிகளாரை, திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் கொழும்பில் புனிதராக அறிவித்தார்.

அவருக்குத் துணையாக 1705இல் இலங்கை சென்ற யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல இயற்றினார். அவற்றுள் ‘சுவிசேஷ விரித்துரை’ நம் பொருளுக்கு நெருக்கமானது. நற்செய்திப் பகுதிகளை மக்கள் விளங்கிக்கொள்ளுமாறு விரித்துரைக்கும் நூல் அது. அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் உருக்கமாக வாசிக்கப்பட்டு வந்த நூல் என்பதை நம்மில் மூத்தோர் அறிவர். ஒருவர் இராகத்துடன் வாசிக்க, ஊரே அமர்ந்து கேட்டு, ஆண்டவரின் பாடுகளை நினைந்து கண்ணீர் வடித்த மரபு அது. எழுத்தறியா மூதாட்டிகளும் பாடுகளின் வரலாற்றை அடிபிறழாமல் சொல்லக்கூடியவர்களாய் இருந்தனர். அவர்கள் கையில் நூல் இருக்கவில்லை. ஆயினும் அவர்கள் கேட்டது கேட்டபடியே நெஞ்சில் தங்கியது.

கேட்டதை வாழ்ந்த ஒருவர்

செவிவழிக் கேட்ட இறைவார்த்தை ஒரு மனிதரை எவ்வளவு தூரம் அழைத்துச் செல்லும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டப் பிள்ளை திருவிதாங்கூர் அரசில் அலுவலராயிருந்தார். குடும்பத்தில் அடுத்தடுத்து நேர்ந்த இழப்புகளால் அவர் மனம் சோர்ந்திருந்தார். 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் மார்த்தாண்டவர்மரின் படைத்தலைவராக உயர்ந்த டிலனாய் அவரது நண்பரானார். நண்பரின் துயரத்தைக் கண்ட டிலனாய், விவிலியத்தில் வரும் யோபுவின் வரலாற்றை அவருக்கு எடுத்துரைத்தார்.

அங்கே குருவானவர் இல்லை, பீடம் இல்லை, மறையுரை மேடை இல்லை. பொதுநிலையினர் ஒருவர் துன்புற்ற நண்பரின் அருகில் அமர்ந்து, தாம் அறிந்த இறைவார்த்தையை வேளையறிந்து பகிர்ந்துகொண்டார், அவ்வளவே. அது நல்ல நிலத்தில் விழுந்தது. 1745இல் வடக்கன்குளத்தில் நீலகண்டர் திருமுழுக்குப் பெற்று, இலாசர் என்னும் பெயரின் தமிழாக்கமாகிய தேவசகாயம் என்னும் பெயரை ஏற்றார். அவர் தம் மனைவிக்கும் விசுவாசத்தை எடுத்துரைக்க, அவரும் ஞானப்பூ என்னும் பெயருடன் திருமுழுக்குப் பெற்றார். சாதி வேற்றுமை பாராமல் எளிய மக்களோடு தேவசகாயம் பழகியது மேல்நிலையில் இருந்தோரின் சினத்தைத் தூண்டியது. 1749இல் சிறைப்பட்ட அவர் மூன்றாண்டுக் காலம் கொடுந்துன்பங்களுக்கு ஆளாகி, 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது உடல் கோட்டாற்றுச் சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் உரோமையில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார்.

அவர் துறவியல்லர், குருவல்லர், நம்மைப்போல் இல்லறத்தில் வாழ்ந்த பொதுநிலையினர். தமிழில் முழு விவிலியத்தைக் கையில் ஏந்தி வாசிக்கும் வாய்ப்பைக் கத்தோலிக்கர் பெற்றிராத காலத்தவர். அவர் கேட்டது யோபுவின் வரலாறு. சிறையில் வாழ்ந்து காட்டியதும் அதுவே.

கேட்டும் வாழாத நாம்

இத்துடன் நிறுத்திக்கொண்டால் இக்கட்டுரை இனிதாக முடியும். ஆனால் உண்மையாக முடியாது. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 19ஆம் நூற்றாண்டில் எழுந்த புதிய ஆலயம் இரு கூடங்களாகப் பிரித்துக் கட்டப்பட்டது. சாதியின் பெயரால் மக்கள் ஒன்றாக அமர மறுத்தமையால், ஒரு சாரார் ஒரு கூடத்திலும் பிறர் மறு கூடத்திலும் அமர்ந்தனர். இரு கூடங்களும் ஒரே பீடத்தில் வந்து சந்தித்தன. ஒரே பூசையை இரு பக்கத்தாரும் கண்டனர். ஒரே நற்செய்தியை இரு பக்கத்தாரும் கேட்டனர். நடுவே சுவர் நின்றது. 1910இல் அப்பிரிவினை அகற்றப்பட்டபோது, அதனை மீட்கக் கோரிச் சிலர் நீதிமன்றம் சென்றனர். அவர்களுக்கு வெற்றி கிட்டவில்லை.

ஓர் ஊரைச் சுட்டிக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அந்த ஊர் தன் சுவரை இடித்துவிட்டது. வெவ்வேறு வடிவில் அதே சுவர் எத்தனையோ ஊர்களில் இருந்தது. கல்லறைத் தோட்டத்தில், திருநாள் தேரின் வடத்தில், திருமணப் பேச்சில் இன்றும் அது முற்றாக மறைந்துவிட்டது என்று சொல்ல நம் மனச்சான்று இடந்தரவில்லை. அடுத்திருப்பவர் யார் என்ற வினாவுக்கு ஆண்டவர் நல்ல சமாரியர் உவமையை விடையாகத் தந்தார். அவ்வுவமையைக் கேளாத கிறிஸ்தவர் ஒருவரேனும் உண்டோ? கேளாமையால் வந்த குறையன்று இது. கேட்டும் உள்ளே விடாமையால் வந்தது.

ஆகவே, நம் முன்னோர் நூலின்றியே சிறந்து விளங்கினர், நாம் நூல் பெற்றுக் கெட்டோம் என்று வரலாற்றை எளிமைப்படுத்துதல் பொருந்தாது. நூலற்ற காலத்திலும் தேவசகாயம் இருந்தார். சுவர் எழுப்பியவர்களும் இருந்தனர். விதைப்பவர் உவமையில் விதை ஒன்றே, நிலங்களே வேறுபடுகின்றன.

திறக்கப்பட்ட கருவூலம்

காலம் மாறியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திரிங்கால் அடிகளார் புதிய ஏற்பாட்டைத் தமிழ்க் கத்தோலிக்கருக்கு அளித்தார். ஆயினும் இறைமக்கள் அனைவருக்கும் வாசல் அகலத் திறந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தால்தான். 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வெளியான திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, தாய்மொழி வழிபாட்டுக்கு வழிவகுத்ததுடன், விவிலியக் கருவூலத்தை மக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறந்துவிடவேண்டும் எனப் பணித்தது. 1965ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் வெளியான இறை வெளிப்பாட்டுக் கொள்கைத் திரட்டு, ஆண்டவரின் திருவுடலைப் போலவே இறைவார்த்தையையும் திருச்சபை வணங்கிப் போற்றி வந்துள்ளது என்பதை நினைவூட்டியது.

இவற்றின் கனியாக 1969ஆம் ஆண்டு திருவருகைக் காலம் முதல் புதிய வாசக ஒழுங்கு நடைமுறைக்கு வந்தது. ஞாயிறுகளுக்கு மூன்றாண்டுச் சுழற்சி: முதலாம் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. யோவான் நற்செய்தி சிறப்பாகத் தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் வாசிக்கப்படுகின்றது. பொதுக்காலத்தின் வாரநாள்களில் மாற்கு, மத்தேயு, லூக்கா என்ற வரிசையில் ஆண்டுதோறும் வாசகங்கள் தொடர்கின்றன. ஞாயிறுதோறும் திருப்பலிக்குச் செல்லும் ஒருவர் மூன்றே ஆண்டுகளில் நற்செய்திகளின் பெரும்பகுதியைக் கேட்டுவிடுகின்றார். பாஸ்கா காலம் நீங்கலாகப் பிற ஞாயிறுகளில் பழைய ஏற்பாடும் முதல் வாசகமாக ஒலிக்கின்றது. 1995இல் கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. முந்தைய தலைமுறைகள் கனவிலும் காணாத செல்வம் இது.

செல்வம் பெருகினால் அதன் அருமை மறைவதும் உண்டு. அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் விவிலியம் பளபளக்கின்றது. திருமணத்தில் பரிசாக வந்த நூலின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடியே இருக்கின்றன. ‘வேணும்’ என்ற அந்தப் பழைய பிழையை இங்கேதான் நாம் மீண்டும் நினைக்கின்றோம். ஏட்டில் அப்பிழை 1544இலேயே திருத்தப்பட்டது. நம் செபத்தில் திருத்தப்பட்டதா? வேலை வேணும், வீடு வேணும், தேர்வில் வெற்றி வேணும் என்று வேண்டுகின்றோம். வேண்டுவது தவறன்று, கேட்கும்படி ஆண்டவரே பணித்தார். ஆனால் அவர் நம்மிடம் என்ன கேட்கின்றார் என்பதற்குச் செவிகொடாமல் நம் தேவைகளை மட்டும் அடுக்கிவிட்டு எழுந்தால், விசுவாசம் இருக்கவேண்டிய இடத்தில் வேணும் என்ற சொல்லே இன்னும் நிற்கின்றது என்றுதான் பொருள்.

நாம் செய்யக்கூடியவை

முன்னோரின் வழியிலிருந்தே மூன்று எளிய பாடங்களை நாம் கற்றுக்கொள்ளலாம்.

முதலாவது, சனிக்கிழமை இரவுச் செபமாலைக்குப் பின் மறுநாள் நற்செய்தியை இல்லத்தில் ஒருவர் உரத்து வாசிக்கட்டும். பிறர் நூலை மூடிவைத்துச் செவிமடுக்கட்டும். முன்னறிந்த வாசகம் ஆலயத்தில் ஒலிக்கும்போது ஆழமாகப் பதியும்.

இரண்டாவது, சவேரியார் செய்ததுபோல் குழந்தைகளிடம் பொறுப்பை ஒப்படைப்போம். மறைக்கல்வி வகுப்பில் என்ன கேட்டாய் என்று வினவி, அவர்கள் சொல்வதைப் பொறுமையுடன் கேட்போம். பேரப்பிள்ளை சொல்லப் பாட்டி கேட்பதும், பாட்டி திருத்தப் பேரப்பிள்ளை கற்பதும் நம் மரபுக்குப் புதியன அல்ல.

மூன்றாவது, கேட்ட வாசகத்திலிருந்து அவ்வாரத்தில் செய்யவேண்டிய செயல் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். பேசாதிருக்கும் உறவினரிடம் ஒரு சொல், வேலை செய்தவருக்கு உரிய நாளில் கூலி, வாசற்படியோடு நிறுத்திவைக்கும் ஒருவரை உள்ளே அழைத்து ஓர் இருக்கை. இவற்றுள் ஒன்று போதும். அன்பியக் கூட்டத்தில் அடுத்த முறை கூடும்போது, வாசகத்துக்கு விளக்கம் சொல்வதோடு, அதைச் செய்தோமா என்றும் ஒருவரையொருவர் அன்புடன் கேட்டுக்கொள்ளலாம்.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வி ஆசிரியரின் பணியைத் திருச்சபையின் நிலையான திருப்பணிகளுள் ஒன்றாக நிறுவினார். செய்தி அறிந்தபோது, ஓலைச்சுவடியைக் கையிலேந்தி மாலைதோறும் ஊராரைக் கூட்டிச் செபம் சொல்லி வைத்த பெயர் தெரியாத கணக்கப்பிள்ளைகளையும் அண்ணாவிகளையும் உபதேசியார்களையும் நாம் நன்றியோடு நினைத்துக்கொண்டோம். அவர்கள் வழியாகத்தான் விதை நம் செவிவரை வந்து சேர்ந்தது.

வரும் ஞாயிறன்று நற்செய்திக்கு எழுந்து நிற்கும்போது, நெற்றியிலும் உதடுகளிலும் நெஞ்சிலும் வரையும் சிலுவை அடையாளத்தைச் சற்று நிதானமாக வரைவோம். திங்கட்கிழமை காலையில் அதே வினாவை நம்மிடமே மீண்டும் கேட்போம். விடை கூற முடிந்தால் அது தொடக்கம். அவ்விடையை நம் அடுத்த வீட்டார் நம் நடத்தையிலிருந்து தாமாகவே அறிந்துகொள்வாராயின், அந்த விதை முளைத்துவிட்டது என்று நாம் துணிந்து நம்பலாம்.